பிளக் பொருந்தினால் போதுமா?

(வேலைக்காக வெளிநாடு செல்லும் சகோதரர்களுக்காகவும் உம்ராப் பயணிகளுக்காகவும் திண்டிவனத்தில் நடைபெற்ற வழியனுப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயணத்தின் ஒழுக்கங்களைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில், பிளக்கையும் வோல்ட்டையும் பற்றிப் பேச ஒரு இமாம் எழுந்து நிற்கிறாரே என்று உங்களில் சிலர் வியப்புறக்கூடும். நாம் மின்சாரக் கல்வி கற்றவரல்லோம். மதரஸாவில் ஓதி வந்தவரே. எனினும் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு கடன் இருக்கிறது. அக்கடனை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2012-ஆம் ஆண்டு நாம் ஒரு உம்ராக் குழுவிற்கு வழிகாட்டியாகச் சென்றிருந்தோம். அக்குழுவில் விழுப்புரத்தைச் சார்ந்த ஒரு மூதாட்டி இருந்தார். ஆஸ்துமா நோயாளி. மருந்தை ஆவியாக்கி மூச்சோடு உள்ளிழுக்கச் செய்யும் நெபுலைசர் என்னும் கருவி இன்றி அவரால் ஓர் இரவைக் கழிக்க இயலாது. புறப்படுவதற்கு முன் அன்னார் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், இந்த மெஷின் அங்கே ஓடுமா?" என்று கேட்டார். நாம் சற்றும் சிந்திக்கவில்லை. "ஓடும்மா, கரண்ட் எங்கேயும் கரண்ட்தானே" என்று சொல்லிவிட்டோம். அவருடைய மகனும் விழுப்புரத்திலேயே ஒரு கடையில், எந்த நாட்டுத் துளையிலும் பொருந்தும் எனச் சொல்லி விற்கப்பட்ட ஓர் அடாப்டரை வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

மக்காவில் நாம் தங்கியது ஒரு பழைய கட்டடம். இரவு இரண்டு மணியளவில் கதவு தட்டப்பட்டது. சென்று பார்த்தால், மூதாட்டி கட்டிலில் அமர்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறார். கருவி சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது. அடாப்டர் அத்துளையில் அழகாகப் பொருந்தியிருக்கிறது. கருவியோ ஒரு வண்டினைப் போல் முனகுகிறதேயன்றி ஆவி வரவில்லை. கருவி கெட்டுவிட்டது என்றே அனைவரும் எண்ணினோம். அன்னாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அல்ஹம்துலில்லாஹ், குணமடைந்தார். எனினும் இரண்டு நாட்கள் படுக்கையிலேயே கழிந்தன. பல்லாண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வந்தவருக்கு ஹரமில் தொழும் வாய்ப்பு இரண்டு நாட்கள் தவறிப்போனது. பின்னர் அக்கட்டடத்தில் பணிபுரிந்த ஒரு மலையாளச் சகோதரர் வந்து பார்த்தார். கருவியைக் கழற்றி, ஏ.சி. மாட்டியிருந்த துளையின் அருகிலிருந்த வேறொரு துளையில் பொருத்தினார். அது உடனே ஓடியது! "இது நூற்றிப்பத்து, அது இருநூற்றி இருபது" என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நாம் ஊரிலேயே அறிந்திருந்தால் அந்த இரவு வந்திருக்காது. அன்றிலிருந்து, நமது ஜமாஅத்தில் மின்பணி செய்யும் ஒரு சகோதரரிடம் அமர்ந்து, மாணவனைப் போல் கேட்டுக் கேட்டுக் கற்றதையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

நமது நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். அது ஒரு விநாடிக்கு 50 முறை சுழல்கிறது. அதனை 50 ஹெர்ட்ஸ் என்பர். (கோடைக் காலத்து மாலை நேரங்களில் நமது கிராமங்களில் அந்த 230 எங்கே போகிறது என்று கேட்காதீர்கள், மின்விசிறியைப் பார்த்தாலே தெரியும்.) ஐக்கிய அரபு அமீரகம், கத்தர், குவைத், பஹ்ரைன், ஓமன், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் யாவும் ஏறத்தாழ நமது அழுத்தமே உடையவை. அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான். அந்நாடுகளில் பிளக்கின் வடிவம் மாத்திரமே வேறு. ஆகவே துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் சென்று வந்தவர்கள், அடாப்டர் ஒன்றிருந்தால் போதும் என்று கூறுவது அவர்களின் அனுபவத்தில் உண்மையே. அந்த அனுபவத்தை ஸஊதிக்கும் அமெரிக்காவிற்கும் சேர்த்துச் சொல்வதுதான் பிழை.

ஸஊதி அரேபியாவில் எண்ணெய் எடுக்க வந்தவை அமெரிக்கக் கம்பெனிகள். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதன் சாயலில் ஸஊதியிலும் 60 ஹெர்ட்ஸ் நிலைபெற்றது. வீடுகளில் விளக்கிற்கும் சிறு கருவிகளுக்கும் 127 வோல்ட், ஏ.சி. போன்ற பெரிய கருவிகளுக்கு 220 வோல்ட் என இருவகை அழுத்தங்கள் வந்தன. மக்கள் வாயில் அந்த 127 வோல்ட்தான் 'நூற்றிப்பத்து'. ஒரே அறையின் ஒரே சுவரில் இரண்டும் அருகருகே இருக்கும். இந்நிலையை மாற்றி, நாடு முழுவதையும் 230 வோல்ட்டிற்குக் கொண்டுவர வேண்டுமென ஸஊதி அமைச்சரவை 2010-ஆம் ஆண்டு முடிவெடுத்தது; அதற்கு 25 ஆண்டுகள் அவகாசமும் வைத்தது. ஆகவே புதிய கட்டடங்களில் ஒரு நிலை, பழைய கட்டடங்களில் மற்றொரு நிலை. அங்கு சென்றவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பதே. துளையின் வடிவத்தை மட்டும் கண்டு தீர்மானித்துவிடலாகாது.

60 ஹெர்ட்ஸ் என்பது மட்டும் இன்றளவும் மாறவில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். வளைகுடா நாடுகள் ஆறும் தங்கள் மின்கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளத் திட்டமிட்டபோது, ஸஊதியின் 60-ஐ ஏனையோரின் 50-உடன் நேரடியாகச் சேர்க்க இயலவில்லை. இடையில் ஃபாதிலி என்னுமிடத்தில் 1,800 மெகாவாட் திறனுள்ள ஒரு மாற்று நிலையத்தைக் கட்டி, ஒரு பக்கத்து மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, மறுபக்கம் மீண்டும் மாற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. ஆறு அரசாங்கங்கள் கூடி இத்தனை பாடுபட்டுச் செய்ததை, நாம் ஒரு சாதாரண அடாப்டர் செய்துவிடும் என்று நம்பிப் பெட்டியைக் கட்டுகிறோம்.

அடாப்டர் என்பது செருப்பின் வாரைப் போன்றது. காலுக்கு ஏற்பப் பொருத்தித் தருமேயன்றி, பாதையை மாற்றித் தராது. அது பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. வோல்ட்டை மாற்றுவது டிரான்ஸ்பார்மர். அது கனமானது, அதன் மேல் இத்தனை வாட் என எழுதியிருக்கும். 750 வாட் மிக்ஸிக்கு 500 வாட் டிரான்ஸ்பார்மரை வாங்கி மாட்டினால் டிரான்ஸ்பார்மர் சூடேறிக் கருகும். மிக்ஸி ஓடத் தொடங்கும் அக்கணத்தில் அதன் அளவைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதால், ஒன்றரை மடங்கு அல்லது இரு மடங்கு திறனுள்ளதையே வாங்குமாறு விவரமறிந்தோர் கூறுவர். அந்த டிரான்ஸ்பார்மராலும் ஹெர்ட்ஸை மாற்ற இயலாது. மாவரைக்கும் கிரைண்டரின் மோட்டார் ஹெர்ட்ஸைப் பின்பற்றிச் சுழல்வது. 50-க்குச் செய்ததை 60-இல் ஓட்டினால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும், சூடும் கூடும். அமெரிக்காவில் குடியேறிய பிள்ளைகளுக்கு வெட் கிரைண்டர் அனுப்பும் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும். கோயம்புத்தூரில் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸிற்கென்றே தனியாகச் செய்து விற்கிறார்கள். கடையில் கேட்டு அதனை வாங்குவதே முறை.

அழுத்தம் மாறினால் என்ன ஆகும் என்பதை இளைஞர்கள் ஒரு கணக்காகவே மனதில் வைத்துக்கொள்ளலாம். சூடேற்றும் கருவிகளின் சக்தி, வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. நமது ஊரில் 230 வோல்ட்டில் 1,000 வாட் தரும் ஒரு கெட்டில், 127 வோல்ட்டில் 300 வாட் அளவே தரும். தண்ணீர் கொதிக்க வெகு நேரமாகும்; ஆபத்து ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். இதன் மறுபக்கம்தான் அஞ்சத்தக்கது. 127 வோல்ட்டிற்கென அங்கே வாங்கிய 500 வாட் சோற்றுப் பானையை இங்கே கொண்டுவந்து நமது சுவரில் மாட்டினால் அது 500 வாட் அன்று, 1,600 வாட்டிற்கும் மேல் இழுக்க முற்படும். மூன்றேகால் மடங்கு! அதன் கம்பிச்சுருள் அதனைத் தாங்குமா?

நமது சிறு பிராயத்தில், 1980-களின் பிற்பகுதியில், நமது தெருவில் ஒருவர் ரியாத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். அவர் கொண்டுவந்த டேப் ரிக்கார்டரைக் காண்பதற்காக முழுத் தெருவும் அவர் வீட்டில் கூடிற்று. பெரியவர்களுக்கு நாற்காலி, சிறுவர்களாகிய நமக்கு ஜன்னல். அவர் பிளக்கைச் சொருகினார். ஒரு சிறு ஓசை, பின் நெடி, பின் புகை. அக்கருவியின் முதுகில் 110, 220 என எழுதிய ஒரு சிறு சுவிட்ச் இருந்ததையும், அது 110-இல் நின்றிருந்ததையும் மறுநாள் ரிப்பேர் கடைக்காரர்தான் காட்டினார். ஒரு நாணயத்தின் விளிம்பால் திருப்பியிருந்தால் போதும். இரண்டாண்டு உழைப்பில் மிச்சம் பிடித்து வாங்கியது அது. அவர் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. கூடியிருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். அந்த முகம் இன்றும் நம் நினைவில் இருக்கிறது.

இக்காலத்துக் கருவிகளில் அத்தகைய சுவிட்ச் அரிது. அதற்குப் பதிலாக, கருவியின் அடியிலோ சார்ஜரின் மேலோ சிறிய எழுத்துக்களில் விவரம் அச்சிட்டிருக்கும். இன்புட் என்ற சொல்லுக்கு நேரே 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அக்கருவி உலகின் எந்நாட்டு வீட்டு மின்சாரத்தையும் ஏற்கும். செல்போன் சார்ஜர்களும் லேப்டாப் சார்ஜர்களும் பெரும்பாலும் இவ்வகையே. இவற்றிற்கு அடாப்டர் ஒன்றே போதும். 220 முதல் 240 வரை என்று மட்டும் இருந்தால், ஸஊதியின் பழைய கட்டடத்திலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் (அங்கு 100 வோல்ட்) அதனை நம்பலாகாது. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சோற்றுப் பானை, முடி உலர்த்தும் கருவி, நமது நெபுலைசர் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. எழுத்து மிகச் சிறியதாக இருக்கும். கண் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். நோயாளிகள் தங்கள் கருவியின் விவரத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்வதும், நெபுலைசருக்கு மாற்றாக மின்சாரம் தேவைப்படாத இன்ஹேலர் ஒன்று வேண்டுமா என மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

புதுச்சேரி நமக்குக் கூப்பிடு தூரம் என்பதால், பிரான்ஸிலிருந்து உறவினர் கொண்டுவரும் சாமான்களும் நமது வீடுகளில் உண்டு. பிரான்ஸில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டில் குறையில்லை. ஆனால் பிரெஞ்சுப் பிளக்கின் ஆணிகள் நமது துளைக்குச் சற்று மெலிந்தவை. இஸ்திரிப் பெட்டி போன்றவற்றிற்கு அங்கே எர்த் ஆணி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். பிளக்கில் அதற்கான துளைதான் இருக்கும். அதனை நமது சுவரில் மாட்டினால் உள்ளே தளர்ந்து நின்று பொறி பறக்கும். எர்த் இணைப்போ அறவே இராது. இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது என்பதால் அது பாதுகாப்பாக ஓடுகிறது என்று பொருளில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்துப் பிளக்கை வெட்டிவிட்டு, நமது மூன்று ஆணிப் பிளக்கை எர்த் கம்பியோடு சேர்த்துப் பொருத்தச் சொல்லுங்கள்.

இனி, வேலைக்குச் செல்லும் இளைஞர்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

நமது உருண்டை ஆணிப் பிளக் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. ஆங்கிலேயர் 1947-இல் தங்களுக்குப் பட்டை ஆணிகள் மூன்றுள்ள புதிய பிளக்கை வகுத்துக்கொண்டார்கள். நாம் பழையதையே வைத்துக்கொண்டோம். வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நீங்கள் காண்பது அந்தப் புதிய பிளக். அதன் வயிற்றுக்குள் ஒரு ஃபியூஸ் உண்டு. சுவரிலுள்ள துளைகளுக்கு ஒரு மூடி உண்டு. மேலேயுள்ள எர்த் ஆணி நுழைந்தால்தான் கீழேயுள்ள மூடிகள் திறக்கும். குழந்தைகள் விரலையோ கம்பியையோ நுழைத்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. நமது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பால்பாயிண்ட் பேனாவின் முனையை மேல் துளையில் செருகி, மூடியைத் திறந்து, இங்கிருந்து கொண்டுபோன இரண்டு ஆணிப் பிளக்கைத் திணிக்கிறார்கள். அதிலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் இணைக்கிறார்கள்.

அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம். நமது சிறு பிளக் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது 1,380 வாட். அதன் வயரும் பெரும்பாலும் அந்த அளவிற்கே மெலிந்தது. அங்குள்ள பிளக்கின் ஃபியூஸ் 13 ஆம்பியர் வரை தாங்கும்; அது ஏறத்தாழ 3,000 வாட். இப்போது ஓர் அறையில் எட்டுப் பேர் தங்கியிருக்கிறார்கள் என்று கொள்வோம். ஊரிலிருந்து கொண்டுபோன பாக்ஸில் 1,500 வாட் கெட்டிலும் 700 வாட் சோற்றுப் பானையும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. மொத்தம் 2,200 வாட். ஒன்பதரை ஆம்பியருக்கும் மேல். 6 ஆம்பியர் வயர் உள்ளுக்குள் வேகிறது. 13 ஆம்பியர் ஃபியூஸிற்கோ அது பாரமாகவே தெரியவில்லை. அது அறுந்து காப்பாற்றப் போவதுமில்லை. காவலாளி இருக்கிறார், ஆனால் அவர் காவல் காப்பது வேறு வாசலை. பாக்ஸ் கட்டிலுக்கு அடியில், கம்பளிக்கும் பெட்டிக்கும் இடையில் கிடக்கிறது. அதனைக் கொண்டுபோகவே வேண்டாம். அங்கேயே, அந்நாட்டுத் தரத்தில், ஃபியூஸோடு கூடியதை வாங்குங்கள். விலையைப் பார்க்காதீர்கள்.

2024 ஜூன் 12 அன்று அதிகாலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அதில் மாண்டனர். அவர்களில் எழுவர் தமிழ்நாட்டினர். அந்த எழுவரில் ஒருவர் நமது விழுப்புரம் மாவட்டத்தவர். உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்திறங்கிய காட்சியை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். தரைத்தளத்துக் காவலாளி அறையில் ஏற்பட்ட மின்கசிவே காரணமென அந்நாட்டுத் தீயணைப்புத் துறை கூறியது. அங்கு தங்கியிருந்தவர்களின் கெட்டிலோ பாக்ஸோ காரணம் என்று நாம் கூறவில்லை; மாண்டவர்கள் மீது பழி சுமத்துவது நமது நோக்கமன்று. ஒரே ஓர் அறையில் தொடங்கிய தீ, உறங்கிக்கொண்டிருந்த மாடிகளுக்கெல்லாம் புகையாக ஏறியது என்பதையே நினைவூட்டுகிறோம். உறங்கும் முன் வீட்டிலுள்ள நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகளார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதை ஹதீஸ்களில் ஓதியிருக்கிறோம். நமது காலத்து நெருப்பு சுவருக்குள் இருக்கிறது. படுக்கும் முன் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையும் உருவிவிடுங்கள்.

ஹஜ்ஜிற்குச் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் சமையல் எரிவாயுவினால் மூண்ட தீயில் 343 ஹாஜிகள் மாண்டனர். அதன் பின்னரே தீப்பற்றாத கூடாரங்கள் அங்கு எழுந்தன. கூடாரங்களில் சமையல் நெருப்பும் விலக்கப்பட்டது. அடுப்புக்குப் பதில் கெட்டில்தானே என்று அதனைப் பையில் மறைத்துக் கொண்டுபோகும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கூடாரத்தில் நூறு பேருக்கு இருப்பது ஓரிரு துளைகள். அவற்றில் முதல் உரிமை நோயாளிகளின் கருவிகளுக்கு, அடுத்தது செல்போன்களுக்கு. தேநீர் வெளியில் கிடைக்கும்.

தாய்மார்கள் தரப்பிலிருந்து ஒரு கேள்வி எழுதி அனுப்பப்பட்டிருக்கிறது. ஜித்தாவிலிருந்து மகன் அனுப்பிய 110 வோல்ட் மிக்ஸி ஒன்று பத்தாண்டுகளாகப் பரணில் கிடக்கிறது, அதனை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். விற்கலாம், ஆனால் வாங்குபவரிடம் அது 110 வோல்ட் என்பதைச் சொல்லியே விற்க வேண்டும். முடிந்தால் அதன் மேல் பெயிண்ட்டால் எழுதியும் வையுங்கள், ஏனெனில் வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார்.

அஸர் தொழுகைக்குப் பின் மின்பணிச் சகோதரர் வராந்தாவில் ஒரு மேசை போட்டு அமர்ந்திருப்பார். இந்த மாதம் புறப்படுவோர் தங்கள் கருவிகளையும் அடாப்டர்களையும் கொண்டுவந்து அவரிடம் காட்டுங்கள். நெபுலைசர் வைத்திருப்போர் முதலில் வரவும். பெட்டியை அதுவரை கட்டிவிடாதீர்கள்.